கடிகையும் ஏரியும்

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊரே அன்றி, நீர்வளத்துக்குப் பெயர்பெற்ற ஊர் அன்று. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்க, வேகவதி மழைக்காலத்தில் மட்டும் ஓட, வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் நீரைத் தேக்கிவைத்தே ஆண்டு முழுவதும் வாழவேண்டியிருந்ததால், இங்கே வருங்காலத்தைப் பற்றிய சிந்தனை ஏரியைப் பற்றிய சிந்தனையாகவே உருக்கொண்டது. அச்சிந்தனை கல்வியோடு பிணைந்திருந்ததும் பின்னர் அதிலிருந்து பிரிந்ததும் இவ்வட்டார வரலாற்றில் ஊன்றிப் பார்க்கத்தக்க பகுதியாகும்.

பல்லவர் காலக் காஞ்சியில் கடிகை எனப்பட்ட உயர்கல்வி நிலையம் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் அங்கே பயில வந்த மயூரசர்மன் என்னும் மாணவன், பல்லவக் குதிரை வீரனோடு நேர்ந்த பூசலால் படிப்பை விட்டு வாளேந்திக் கதம்ப அரசை நிறுவிய செய்தியைக் கர்நாடகத்துத் தாளகுண்டாத் தூண் கல்வெட்டு கூறுகிறது. ஆயினும் அக்கல்வெட்டு எழுந்தது அவன் புகழைப் பாடுவதற்காக மட்டும் அன்று. அவன் வழிவந்த காகுத்தவர்மன் சிவன் கோயிலருகே வெட்டுவித்த குளத்தைப் பதிவுசெய்யவே அது பொறிக்கப்பட்டது. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ அரியணைக்கு வாரிசு இல்லாதபோது இரண்டாம் நந்திவர்மனைத் தேர்ந்தவர்களுள் கடிகையாரும் இருந்தனர் என்பதால், இந்நிலையம் ஊர்ப் பொறுப்புகளிலிருந்து விலகி நின்ற பாடசாலை அன்று எனத் துணியலாம்.

மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம், கூரத்தில் பரமேசுவர தடாகம், உத்திரமேரூரில் வைரமேக தடாகம் எனப் பல்லவர் பெயரும் பட்டமும் ஏரிகளுக்குச் சூட்டப்பட்டன. கூரத்து ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டப்பட்டதைக் கூரம் செப்பேடு குறிக்கிறது. ஏரியை வெட்டுவது ஒருமுறைச் செயல். காப்பதோ ஆண்டுதோறும் செய்யவேண்டியது. வரத்துக்கால் வழியே வரும் மழைநீர் வண்டலையும் சுமந்துவந்து கொள்ளளவைக் குறைக்கும். மதகு (பாசனத்துக்கு நீர் விடும் திறப்பு) சிதையும். மிகைநீரை அடுத்த ஏரிக்கு அனுப்பும் கலங்கல் அடைபட்டால் கரையே உடையும். ஆகவே, ஏரிப்பட்டி என்னும் நிலத்தின் விளைச்சல் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. கொடையாகப் பெற்ற பொன்னின் முதலைத் தொடாமல், பொலிசை என்னும் வட்டியிலிருந்தே வண்டல் வாரும் முறையும் வழக்கிலிருந்தது. பிறவாத தலைமுறையையும் கணக்கில் சேர்த்த ஏற்பாடு இது.

இவ்வேற்பாட்டின் மனித முகம் உத்திரமேரூரில் காணக்கிடைக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளின்படி, 30 குடும்புகளிலிருந்து (ஊர்ப் பிரிவுகளிலிருந்து) ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, வாரியம் எனப்பட்ட குழுக்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் அறுவர் 360 நாள்களுக்கு ஏரி வாரியமாக அமைந்தனர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரியுமாறு உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்னும் அளவுக்கு விதி நுணுக்கமாக இருந்தது. முன்பு வாரியத்தில் உறுப்பினராயிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். 35 முதல் 70 வயதுக்குட்பட்ட, கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி செலுத்தும் நிலம்) உடையவரே தகுதியுடையவர். ஆனால், ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் (உரைநூலையும்) கற்றவருக்கு அரைக்கால் வேலியே போதும். கல்வி நிலத்துக்கு ஈடாக மதிக்கப்பட்ட இவ்விதி பெருமைக்குரியதே எனினும், அக்கல்வி பிராமணருக்கு மட்டுமே உரியதாயிருந்ததையும், ஏரியில் மண்சுமந்தவர்க்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லாததையும் மறைத்துப் பேசுவது வரலாறாகாது.

செங்கல்பட்டு ஜாகீர் என்னும் பெயரில் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை நடத்திய கணக்கெடுப்பு, ஊர் விளைச்சலில் ஏரிக்கான பங்கு அப்போதும் பிரிக்கப்பட்டதைக் காட்டுகிறது. 1780இல் ஐதரலியின் படையெடுப்பு ஊர்களைச் சிதைத்தது. வருவாய் முறை மாறியபோது ஏரியின் பங்கும் தேய்ந்தது. குடிமராமத்து, அதாவது ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு, தளர்ந்ததனால் 1858இல் அதைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டியதாயிற்று. இதனிடையே 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி பிற்காலத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. நீரைப் பற்றிய கல்வி நகரத்துக்கும் அரசுத் துறைக்கும் பெயர்ந்தது. அக்கல்வி அணைகளைத் தந்தது; ஆனால், ஊர்ப் பள்ளியில் படித்தவனுக்குத் தன் ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டிய கட்டாயத்தை நீக்கிவிட்டது. இழப்புகளுள் பெரியது இதுவே.

குடிமராமத்து 2017இல் மணிமங்கலம் ஏரியிலிருந்து அரசுத் திட்டமாக மீண்டும் தொடங்கப்பட்டது. நீரின் தேவை உழவருக்கு மட்டும் உரியதன்று. பட்டுநூலைச் சோப்புக் கரைசலில் வேகவைத்துப் பசை நீக்கவும், சாயமேற்றி அலசவும் நெசவு நகருக்கு நல்ல நீர் வேண்டும்; அலசிய சாயநீர் போய்ச் சேர்வதும் இதே மண்ணில்தான். உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த சுற்றுச்சூழல் பாடம், அருகிலுள்ள ஆறு, காடு, மலை போன்ற ஒன்றை மாணவர் நேரில் கண்டு பதிவுசெய்யும் களப்பணியையும் உள்ளடக்கியது. காஞ்சிபுரத்து மாணவர் வருங்காலத்தைத் திட்டமிட அக்களப்பணியையே தொடக்கமாகக் கொள்ளலாம்: உத்திரமேரூர் ஏரி தொலைவில் இல்லை; அதன் வரத்துக்கால், மதகு, கலங்கல், வண்டல், செலவுக் கணக்கு ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரு வகுப்பு அடுத்த வகுப்பிடம் எழுதி ஒப்படைக்க எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.