அட்டவணை அமைப்பை உய்த்துணர்தல்

காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பைப் படித்து, எந்த நெடுவரிசை எண், எது தேதி, எது எழுத்து என்று கணித்து, தரவுத்தள அட்டவணையை மென்பொருளே வகுக்கும் முறை. இக்கோப்பு வடிவத்தை 2005இல் விவரித்த ஆர்.எஃப்.சி. 4180 தரவு வகைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; ஆகவே எல்லாம் ஊகமே.

ஊகம் சறுக்கும் இடங்கள் ஊரிலேயே கிடைக்கும். தேனி மாவட்டக் குச்சனூர்க் கடைக்காரர் ஒருவர் தம் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றுவதாகக் கொள்வோம். தேனியின் எஸ்.டி.டி. குறியீடு 04546. அதை எண்ணாகக் கொண்டால் முன்சுழியம் உதிர்ந்து 4546 ஆகிவிடும், அழைப்பும் போகாது. ஏலக்காய் விற்ற தொகை 1,25,000 மேற்கோள்குறியின்றி இருந்தால் மூன்று கட்டங்களாக உடையும். 03/04/2024 ஏப்ரலா, மார்ச்சா?

டக்டிபி தரவுத்தளம் வகைகளை ஊகிக்க இயல்பாக 20,480 வரிகளை மாதிரியாகப் பார்க்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் காப்பி கட்டளையோ ஊகிப்பதே இல்லை; அட்டவணையை முன்கூட்டியே உருவாக்கித் தர வேண்டும். குறியீடுகளுக்கு இதுவே பாதுகாப்பான வழி.