கத்தரி வந்த வழி

குற்றாலத்து ஐந்தருவியில் சாரல் காலத்தில் ஒலி பதிந்து வருகிறவர் யாரானாலும் கடைசியில் கத்தரியிடம்தான் போக வேண்டும். பதிவில் அருவியோடு வேன் ஹாரனும் குளிக்கிறவர்களின் கூச்சலும் சேர்ந்தே வரும். வேண்டாததை வெட்டி எடுக்கக் கணினித் திரையில் ஒரு சின்னக் கத்தரிப் படம் இருக்கிறது. அது வந்த தூரம் கொஞ்சமல்ல.

முதலில் அது நிஜ பிளேடு. டேப் காலத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடாச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுவார்கள். சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, பென்சிலால் குறித்து, உலோகக் கட்டையின் பள்ளத்தில் நாடாவைப் படிய வைத்துச் சாய்வாக அறுப்பார்கள். நேராக அறுத்தால் ஒட்டிய இடம் ‘டப்’ என்று காட்டிக்கொடுக்கும். சாய்த்து அறுத்தால் ஓர் ஒலி அடங்கும்போதே அடுத்தது எழும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் அதுவே ஒரு ‘டிக்’கைப் பதித்துவிடும். தப்பாக அறுத்தால் தரையில் கிடக்கும் துண்டைத் தேடி எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

1989-ல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அட்டாரி கணினிக்கு கியூபேஸ் மென்பொருளைக் கொண்டுவந்தது. முழுப் பாட்டும் ஒரே விண்டோவில் விரிந்தது: வாத்தியங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, நேரம் இடமிருந்து வலமாக. அப்போது அதில் வெட்டப்பட்டது ஒலி அல்ல, வாத்தியங்களுக்குக் கட்டளை தரும் மிடி குறிப்புகள். ஒலியையே திரையில் வெட்டும் பழக்கம் 1991-ல் வந்த புரோ டூல்ஸ் போன்றவற்றால் பரவியது. அதே காலத்தில் இங்கே கோடம்பாக்கத்துப் பஞ்சதன் ஸ்டூடியோவில் ஏ.ஆர்.ரஹ்மான், அந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்தும் சீக்வென்சரோடு உட்கார்ந்திருந்தார். 1992-ல் அவர் இசையில் ‘ரோஜா’ வந்தது. பிற்பாடு அவர் பெயரோடு சேர்ந்துபோன லாஜிக் மென்பொருளும் ஜெர்மனியில் பிறந்ததே. 2002-ல் ஆப்பிள் அதை வாங்கியது.

பிளேடுக்கு இல்லாத கருணை ஒன்று இந்தக் கத்தரிக்கு உண்டு. மூலப் பதிவை அது தொடுவதே இல்லை. எங்கிருந்து எதுவரை ஒலிக்க வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. வெட்டிய துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போனது திரும்பி வரும். லாஜிக்கில் கமாண்டும் T-யும் அழுத்தினால், ஒலிக்கும் இடத்தைக் காட்டும் கோடு நிற்கும் இடத்தில் துண்டாகும். கமாண்டும் Z-உம் அழுத்தினால் மறுபடி ஒன்றாகும். விண்டோக்களை வேண்டியபடி அடுக்கி எண் விசைகளில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை அழுத்தினால் டிராக்குகள், இரண்டை அழுத்தினால் மிக்ஸர். புதிதாக வருகிற பிள்ளைகள் எஃபெக்டுகளுக்கு ஓடுவதற்கு முன் இந்த விசைகளைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அருவி இந்தக் கத்தரிக்குக் கடினமான பரீட்சை. பாட்டில் தாளம் உண்டு, வெட்டும் இடம் கண்ணுக்கே தெரியும். அருவியிலோ எல்லாச் சுருதியும் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. திரையில் தெரிவது ஒரு தடித்த பட்டை. ஹாரனைக் காதால்தான் தேட வேண்டும். அதை எடுத்துவிட்டு இரு ஓரங்களையும் அப்படியே சேர்த்தால் தண்ணீரின் நிறம் மாறியது கேட்கும். அதனால் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி, ஒன்று அடங்க மற்றது எழும் கிராஸ்ஃபேட் போட வேண்டும். அதிலும் நேர்கோட்டு வளைவு உதவாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்கள் நடுவில் சந்திக்கும்போது சத்தம் 3 டெசிபல் இறங்கி, அருவி ஒரு கணம் மூச்சுப் பிடித்ததுபோல் ஆகிவிடும். மொத்த ஆற்றல் குறையாத வளைவைத் தேர்ந்தெடுத்து, ஒரு விநாடிக்குக் குறையாமல் நீட்டிவிட்டால் ஒட்டு தெரியாது.