ஒன்றரை லட்சமும் ஒன்றரைக் கோடியும்

2025 ஆகஸ்ட் மாதம் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஒரு திரைப்படக் கொள்கை மாநாடு நடத்தியது. மலையாளத் திரைத்துறைக்கு ஒரு கொள்கை வகுக்க வேண்டும், அதற்குத் துறையிலுள்ள எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்பது நோக்கம். நிறைவு நாளில் மேடையேறிய இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்குப் படமெடுக்க அரசு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதைப் பற்றிப் பேசினார். அந்தத் தொகை அதிகம், ஊழலுக்கு வழி வைக்கும், ஆளுக்கு 50 லட்சமாக மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள், கொடுக்கும் முன் குறைந்தது மூன்று மாதம் வல்லுநர்களை வைத்துப் பயிற்சி கொடுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பெண் இயக்குநர்களுக்கான திட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. பெண் என்பதற்காக மட்டும் பணம் தரக்கூடாது என்றார்.

பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அந்தப் பேச்சு சமூக ஊடகங்களில் நான்கு நாள் ஓடியது. "பெரிய கலைஞர், வயதாகிவிட்டது, வாய் தவறிவிட்டார்" என்று ஒரு தரப்பு. "சாதி வெறியர்" என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே விஷயத்தை ஒரு தனிமனிதரின் குணமாகச் சுருக்கிவிடுகின்றன. எனக்கு அதில் ஆர்வமில்லை. சினிமா என்ற தொழிலுக்குள் வரும் பணம் யார் கைக்குப் போகிறது, யார் கைக்குப் போனால் மட்டும் அதற்குக் கணக்குக் கேட்கப்படுகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. அதற்கு மலையாள சினிமாவின் முதல் படத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கதையில் தமிழ்நாடும் இருக்கிறது.

ஜே.சி.டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரத்தோடு வேர் கொண்ட நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். சினிமாத் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார். திரும்பி வந்து தன் நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டம் பகுதியில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். கேரள மண்ணில் உருவான முதல் படத் தயாரிப்பு நிறுவனம் அதுதான். அங்கே எடுத்த மௌனப் படம் 'விகதகுமாரன்'. கேபிடல் திரையரங்கில் அது வெளியான ஆண்டு 1928 என்று ஒரு சாராரும் 1930 என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள்.

கதாநாயகி வேடத்துக்கு முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை ஏற்பாடு செய்ததாகவும், அவர் கேட்ட வசதிகளுக்கு டேனியலின் பணப்பை தாங்கவில்லை என்றும் இவ்வரலாற்றைத் தேடி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்தான் பி.கே.ரோசி. புலையர் சமூகப் பெண். கூலி வேலை செய்தவர், காக்காரிசி என்ற நாட்டார் நாடகத்தில் நடித்துப் பழகியவர். வந்த வழியைக் கவனியுங்கள். இங்கே ஒரு தலித் பெண்ணுக்குக் கதவு திறந்தது முற்போக்கினால் மட்டுமல்ல, பட்ஜெட்டினாலும்தான். மலிவான உழைப்பு என்பதாலும் அவர் உள்ளே வந்தார்.

படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். வைக்கம் போராட்டம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அறிவிப்பு வர 1936 ஆக வேண்டும். கோயிலுக்குள் நுழைய முடியாத ஒரு பெண் திரையில் நாயர் வீட்டுப் பெண்ணாக வருவதை ஆதிக்க சாதிப் பார்வையாளர்களால் பொறுக்க முடியவில்லை. திரையின் மீது கல் விழுந்தது. ரோசி இருந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொன்னதால், தான் நடித்த படத்தின் முதல் காட்சியைப் பார்க்க அவரையே அனுமதிக்கவில்லை என்பார்கள். பிறகு அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் வந்து சேர்ந்தார் என்றும், லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, பழைய வாழ்க்கையைப் பற்றி வாய் திறக்காமலேயே தமிழ்நாட்டில் வாழ்ந்து மறைந்தார் என்றும் சொல்லப்படுகிறது. படத்தின் பிரதி இன்று இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் ஒரு மாணவர் கூட்டத்தில் ரோசியின் பெயரைச் சொன்னேன். நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. "எந்தப் படம் அண்ணா?" என்று கேட்டார்கள். அவர்கள் தவறல்ல.

டேனியலும் நொடித்துப்போனார். ஸ்டுடியோ மூடியது, பின்னாளில் பல் மருத்துவம் செய்து பிழைத்தார். வயதான காலத்தில் கேரள அரசிடம் உதவி கேட்டபோது, நீங்கள் வசிப்பது தமிழ்நாடு, அங்கே கேளுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. 1975-இல் வறுமையில் இறந்தார். ஆனால் டேனியலுக்கு ஒரு மறுவரவு இருந்தது. 1992 முதல் கேரள அரசின் மிக உயர்ந்த திரைப்பட விருது அவர் பெயரில்தான் தரப்படுகிறது. இருவருமே நட்டப்பட்டார்கள். ஆனால் முதலாளியின் நட்டத்தை ஒரு நாள் வரலாறு தியாகம் என்று எழுதிக்கொள்ளும். கூலிக்கு வந்தவரின் நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. 2013-இல் 'செல்லுலாய்டு' படம் வந்த பிறகுதான் ரோசி பொதுப்பேச்சுக்குள் வந்தார். 2019-இல் மலையாள சினிமாவின் பெண்கள் கூட்டமைப்பு அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியது.

டேனியலின் கதவு மூடிய பிறகு மலையாள சினிமாவின் பணம் மலை தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. முதல் மலையாளப் பேசும் படம் 'பாலன்' (1938) தயாரானது சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸில், டி.ஆர்.சுந்தரத்தின் முதலீட்டில். 1947-இல் ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோ, அடுத்து திருவனந்தபுரத்தில் மெரிலேண்ட் என்று கேரளத்திலும் ஸ்டுடியோக்கள் வந்தன. ஆனாலும் பல பத்தாண்டுகளுக்குக் கோடம்பாக்கம்தான் மலையாள சினிமாவுக்கும் தலைநகரம். நடிகர்கள் சென்னையில் வீடு எடுத்துத் தங்கினார்கள். படச்சுருள் கழுவுவதும் ஒலி சேர்ப்பதும் சென்னையில். கேரளத்துக்காரன் டிக்கெட் வாங்கிய காசு, கோடம்பாக்கத்தில் லைட் தூக்கியவருக்கும் செட் போட்ட தச்சருக்கும் மெஸ் நடத்தியவருக்கும் கூலியானது. ஒரு திரைத்துறை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊருக்குத்தான் அதன் வேலை. இதைப் புரிந்துகொண்டால்தான், படப்பிடிப்பைத் தங்கள் மாநிலத்துக்கு இழுக்க அரசுகள் ஏன் போட்டி போடுகின்றன என்பது புரியும்.

இடையில் 1954-இல் 'நீலக்குயில்' வந்தது. தீண்டாமையைக் கேள்வி கேட்ட படம், குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம், மலையாள சினிமாவின் திருப்பம். மறுக்கவில்லை. அதன் நாயகி நீலி ஒரு தலித் பெண். நடித்தவர் மிஸ் குமாரி, சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ரோசி நாயர் பெண்ணாக நடித்ததற்கு ஊரை விட்டு ஓட வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து ஒரு தலித் பாத்திரம் வரும்போது, அந்த வேடமும் அதற்கான சம்பளமும்கூட ரோசியின் சமூகத்துக்குப் போகவில்லை. நம் துயரம் கதையானது, கதை மூலதனமானது, வேலை மட்டும் நம்மிடம் வரவில்லை.

இனி அரசின் பணத்துக்கு வருவோம். தனியார் முதலாளி போடும் பணம் சந்தைக்குப் பயந்தே ஓடும், நல்ல படங்களுக்கு அரசே கைகொடுக்க வேண்டும் என்ற யோசனையில் 1960-இல் மத்திய அரசு திரைப்பட நிதிக் கழகத்தைத் தொடங்கியது. புனே திரைப்படக் கல்லூரியில் அரசு உதவித்தொகையில் படித்துவிட்டு வந்து, திருவனந்தபுரத்தில் நண்பர்களோடு 'சித்ரலேகா' கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய ஓர் இளைஞர் தன் முதல் படத்துக்கு அந்தக் கழகத்திடம் கடன் கேட்டார். படத்தின் மொத்தச் செலவு இரண்டரை லட்சம். அதில் ஒன்றரை லட்சம், அதாவது 60 சதவீதம், அரசுக் கழகம் கொடுத்தது. படம் 1972-இல் வெளிவந்த 'சுயம்வரம்'. சிறந்த படம் உட்பட நான்கு தேசிய விருதுகள் பெற்றது. இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன்.

அரசுப் பணம் வீணாகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஒரு முழு மாற்றுச் சினிமா இயக்கமே அந்தக் கடனிலிருந்து முளைத்தது என்று சொன்னாலும் தப்பில்லை. கடன் வேறு, இன்றைய திட்டம் வேறு என்று யாராவது கிளம்புவார்கள். வேறுதான். இன்றைய திட்டத்தில் இயக்குநர் கையில் யாரும் ஒன்றரைக் கோடியை எண்ணிக் கொடுப்பதில்லை. கதையைத் தேர்வுக்குழு படித்துத் தேர்ந்தெடுக்கும். படத்தைத் தயாரிப்பது கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். செலவுக் கணக்கு அதன் கையில். இயக்குநர்தான் அங்கே நடையாய் நடக்க வேண்டும். இத்திட்டத்தில் படமெடுத்த பெண் இயக்குநர்கள் சிலர், கழகம் தங்களை நடத்திய விதம் பற்றிப் பகிரங்கமாகவே புகார் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்க, ஊழல் நடந்தால் அது யாருடைய மேசையில் நடக்கும்?

அந்தக் கழகம் உருவானதும் சினிமா வேலையைச் சென்னையிலிருந்து கேரளத்துக்குக் கொண்டுவரத்தான். 1975-இல் கழகம், 1980-இல் திருவனந்தபுரத்தில் அதன் சித்ராஞ்சலி ஸ்டுடியோ, அங்கே படமெடுத்தால் மானியம். பல பத்தாண்டுகள் இந்தப் பொதுப் பணத்தில் படமெடுத்தவர்களை யாரும் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கென்று ஆண்டுக்கு ஓரிரு படங்கள் ஒதுக்கியதும் பயிற்சி ஞாபகம் வந்துவிட்டது.

நட்டக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2024-இல் வெளியான சுமார் 200 மலையாளப் படங்களில் 1000 கோடி ரூபாய் முதலீடு போனது, அதில் 600 முதல் 700 கோடி வரை நட்டம் என்று கேரளத் தயாரிப்பாளர் சங்கமே சொன்னது. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' உலகமெங்கும் 200 கோடிக்கு மேல் வசூலித்த அதே ஆண்டு. நம் தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல் அந்தப் படத்துக்குக் கொட்டிக் கொடுத்தோம். அப்படிப்பட்ட ஆண்டிலும் பத்தில் ஒன்பது படம் தோல்வி. சினிமா என்ற தொழிலின் இயல்பே இதுதான். பலர் தோற்றால்தான் ஒருவர் ஜெயிக்க முடியும். தோற்கும் உரிமையும் மூலதனத்தின் ஒரு பகுதி. அப்பன் சொத்து இருப்பவன் மூன்று படம் தோற்று நாலாவதில் நிமிர்வான். தலித் இயக்குநர் முதல் படத்திலேயே, அதுவும் மூன்றில் ஒரு பங்குப் பணத்தில், தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும் என்கிறார்கள்.

பயிற்சிதான் முக்கியம் என்றால் பயிற்சி கொடுக்கும் இடத்தில் என்ன நடந்தது? கோட்டயம் அருகே தெக்கும்தலையில், தலித் சமூகத்திலிருந்து வந்த குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் பெயரில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சேர்க்கையில் இடஒதுக்கீடு மீறப்பட்டது, துப்புரவுப் பணிப் பெண்களை இயக்குநரின் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள் என்பவை அவர்களின் குற்றச்சாட்டுகள். ஏழு வாரம் விடாமல் நின்றார்கள். 2023 ஜனவரியில் கல்லூரி இயக்குநர் பதவி விலகினார். அவருக்கு ஆதரவாகப் பேசிவந்த கல்லூரித் தலைவரும் மாதக் கடைசியில் விலகினார். தலைவராக இருந்தவர் அடூர் கோபாலகிருஷ்ணன்.

கேமராவுக்குப் பின்னால் இருக்கும் கூலி பற்றியும் சொல்லியாக வேண்டும். நீதிபதி ஹேமா குழு 2019 கடைசியில் அறிக்கை கொடுத்தது. 'சுயம்வரம்' படத்துக்காகத் தேசிய விருது பெற்ற நடிகை சாரதா அதில் ஓர் உறுப்பினர். நாலரை ஆண்டு பூட்டி வைத்து, 2024 ஆகஸ்டில் பல பக்கங்களை மறைத்துத்தான் வெளியிட்டார்கள். பாலியல் கொடுமைகள் பற்றிய பகுதிதான் செய்தியானது, நியாயம்தான். ஆனால் அதே அறிக்கையில் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் பற்றிய பகுதியையும் நம் தோழர்கள் படிக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. படப்பிடிப்பில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற மறைவிடம் இல்லை. கூலியில் ஒரு பங்கு ஏஜெண்டுக்குப் போய்விடும். புகார் சொல்ல அவர்களுக்கென்று ஒரு சங்கம்கூட இல்லை. 1993-இல் ஏஷியாநெட் வந்ததிலிருந்து தொலைக்காட்சித் தொடர்களும் பெருகி நாள்கூலி வேலையும் பெருகியிருக்கிறது. ரோசி வந்த வாசல் இன்றும் திறந்தே இருக்கிறது, கூலிக்கு வருபவர்களுக்கு மட்டும்.

பெண்களுக்கான திட்டத்தில் வந்த படங்களில் 'பி 32 முதல் 44 வரை', 'விக்டோரியா' இரண்டையும் கிடைத்தால் பாருங்கள். பட்டியல் சாதி இயக்குநர் திட்டத்தில் வந்தது, ஒரு தலித் குடும்பத்தின் தலைமுறைகளைச் சொல்லும் சனோஜின் 'அரிக்'. இந்தப் படங்களுக்கான பணமும் லைட்மேனுக்கும் ஓட்டுநருக்கும் சமையல்காரருக்கும் பேட்டாவாகத்தான் போனது. ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் வேறொருவர் இருந்தார். சண்டையே அந்த இடத்துக்குத்தான்.

மாநாட்டு மேடையிலேயே கேரளப் பண்பாட்டுத் துறை அமைச்சர் சஜி செரியான் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். அடூரின் பேச்சு பட்டியல் சாதியினரை இழிவுபடுத்துகிறது என்று காவல்துறைக்கும் புகார் போனது. 2016-ஆம் ஆண்டுக்கான ஜே.சி.டேனியல் விருதைப் பெற்றவர் அவர் என்பது தற்செயல்தான். ஆனாலும் ரோசியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று எழுந்து எதிர்த்தவர் பாடகி புஷ்பவதி. மறுநாள் செய்தியாளர்களிடம் அடூர், யார் அவர், என் பேச்சில் குறுக்கிட அவருக்கு என்ன உரிமை என்று கேட்டார். புஷ்பவதி திரைப்படங்களில் பாடியவர். தலித் பெண். அப்போது கேரள சங்கீத நாடக அகாடமியின் துணைத் தலைவர்.