வரவு செலவுக் கணக்குகளில் நேரியல் அசமன்பாடு

நேரியல் அசமன்பாடு என்பது மாறியின் அடுக்கு ஒன்றைத் தாண்டாத கோவைகளை <, >, ≤, ≥ ஆகிய குறிகளுள் ஒன்றால் ஒப்பிடும் கூற்று. இலங்கைப் பாடநூல்கள் இதைச் சமனிலி என்கின்றன. கையிலுள்ள தொகைக்குள் எவ்வளவு வாங்கலாம், எத்தனை மாதம் சேமிக்க வேண்டும் என்று கேட்கும் சொற்கணக்குகளைத் தீர்க்க இது பயன்படுகிறது. சமன்பாட்டில் தொகை முழுதும் செலவாக வேண்டும். அசமன்பாட்டில் அதைத் தாண்டாமல் இருந்தால் போதும். அதனால் விடை பெரும்பாலும் ஒரே எண்ணாக இராமல் எண்களின் தொகுப்பாக அமையும்.

குறியைத் தேர்தல்

‘மிகாமல்’, ‘அதிகபட்சம்’ என்பவை ≤ குறியையும், ‘குறைந்தபட்சம்’ என்பது ≥ குறியையும் தரும். ‘500 ரூபாய்க்கு மிகாமல்’ என்றால் 500 சேரும். ‘500 ரூபாய்க்குக் குறைவாக’ என்றால் சேராது.

ஒரு மாறி

கையில் 500 ரூபாய். ஆட்டோவுக்கு 60 ரூபாய் போக, 45 ரூபாய் நோட்டுகள் எத்தனை வாங்கலாம்? நோட்டுகளின் எண்ணிக்கை ந எனில்,

60 + 45ந ≤ 500
45ந ≤ 440
ந ≤ 9.77…

முக்கால் நோட்டை யாரும் விற்பதில்லை; எனவே அதிகபட்சம் 9. செலவு 465, மீதி 35 ரூபாய். இதையே ‘ஆட்டோவுக்கு 60 ரூபாயாவது மிஞ்ச வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டால் 500 − 45ந ≥ 60, அதாவது −45ந ≥ −440. குறை எண்ணால் வகுக்கும்போது குறி திரும்புவதால் அதே விடை கிடைக்கும். குறியைத் திருப்ப மறந்தால் 10 நோட்டும் அதற்கு மேலும் வாங்கலாம் என்று வரும். 10 நோட்டுக்கும் ஆட்டோவுக்கும் ஆவதோ 510 ரூபாய்.

சேமிப்புக் கணக்கில் பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். 3,500 ரூபாய் வைத்திருப்பவர் மாதம் 900 சேர்த்து 12,000 எட்ட, மாதங்களின் எண்ணிக்கை ம எனில், 3500 + 900ம ≥ 12000. ம ≥ 9.44…. ஒன்பதாம் மாத முடிவில் 11,600 ரூபாய்தான் இருக்கும். எனவே 10 மாதம் வேண்டும்.

இரண்டு மாறிகள்

40 ரூபாய் நோட்டும் 10 ரூபாய் பேனாவும் 200 ரூபாய்க்குள் வாங்குவதானால், பேனாக்களின் எண்ணிக்கை ப எனில், 40ந + 10ப ≤ 200, சுருக்கினால் 4ந + ப ≤ 20. ந, ப இரண்டும் குறை எண்ணாகா என்பதைக் கணக்கு சொல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் இது (5, 0), (0, 20) புள்ளிகளை இணைக்கும் கோட்டின் கீழுள்ள முக்கோணம். அதில் அடங்கும் முழு எண் புள்ளிகள், எதுவுமே வாங்காத நிலை உட்பட, 66. நோட்டு குறைந்தது 2 வேண்டுமென்றால் 28 மட்டுமே எஞ்சும்.

வரலாறு

<, > குறிகள் ஆங்கிலேயக் கணிதவியலாளர் தாமஸ் ஹாரியட் இறந்தபின், 1631இல் வெளியான அவரது இயற்கணித நூலில் அச்சேறின. 1945இல் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர், 77 உணவுப் பொருள்களிலிருந்து, நேரியல் அசமன்பாடுகளாக எழுதக்கூடிய 9 ஊட்டச்சத்துத் தேவைகளை மிகக் குறைந்த செலவில் நிறைவுசெய்யும் வழியைத் தேடினார். 1939ஆம் ஆண்டு விலையில் அவர் கண்ட செலவு ஆண்டுக்கு 39.93 டாலர். கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் உருவாக்கிய, இத்தகைய அசமன்பாடுகளுக்கு உட்பட்டு மிகக் குறைந்த செலவைக் காணும் சிம்ப்ளெக்ஸ் முறை அதை 39.69 டாலராகக் குறைத்துக் காட்டியது.