சாக்கும் சட்டையான காலம்



இன்று நம் வீட்டுக்கு அரிசி பிளாஸ்டிக் பையில் வருகிறது. அரிசி தீர்ந்ததும் பை குப்பைக்குப் போகிறது. ஆனால், அரிசி வந்த சாக்கே மனிதனின் மானத்தைக் காத்த ஒரு காலம் நம் நாட்டில் இருந்தது. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆண்ட மலாயாவில், பழைய பொருளைப் பிரித்து, வெட்டி, ஒட்டுப் போட்டு, புதுப் பொருளாக மாற்றிய கைகளின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் சாக்கின் கதையைத் தெரிந்து கொள்வோம். சாக்கு சணலால் ஆனது. சணல் வங்காளத்தில் விளைந்தது. 1855-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு அருகே உள்ள ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை தோன்றியது. அதன் பிறகு அங்கு நெய்த சாக்குகள் உலகமெங்கும் சென்றன. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் சாக்குகளில்தான் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தன. கோணி என்று நாம் சொல்லும் சொல்லின் உறவைத்தான் மலாய் மொழியில் குனி என்கிறார்கள். பழைய சாமான் வாங்க வீடு வீடாக வருபவரைச் சிங்கப்பூரில் 'காருங் குனி' என்று அழைப்பதும் அவர் தோளில் சுமந்த இந்தச் சாக்கினால்தான்.

போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதியை வெளியிலிருந்தே வாங்கியது. துணியும் அப்படித்தான். இங்கே விளைந்தது ரப்பர். அதை விற்று, உண்ணவும் உடுத்தவும் வேண்டியதை வாங்கிக் கொண்டோம். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மேல் நாட்டுக் கப்பல்கள் நின்றன. ரப்பருக்கு வாங்குவோர் இல்லை. பால் வெட்டியவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தது. நோட்டுகள் பெருகப் பெருக அவற்றின் மதிப்புக் குறைந்தது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணிக்குப் பதில் என்ன வருவது?

வயிற்றுக்குக் கிழங்கை நட்டுக் கொள்ளலாம். துணியை நட முடியாது. இருந்த துணியும் ஈராண்டில் நைந்து போனது. வீட்டில் இருந்த ஒரே நல்ல சேலையை முறை வைத்துக் கட்டிக் கொண்டு பெண்கள் வெளியே சென்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போதுதான் மூலையில் கிடந்த சாக்கின் மேல் கண் விழுந்தது.

சாக்கு அப்படியே உடையாகி விடாது. முதலில் அதன் தையலை அறுக்காமல் பிரிக்க வேண்டும். ஏனென்றால், நூலும் கிடைக்காத காலம் அது. பிரித்த கயிறே தைக்கும் நூல். பிறகு சாக்கை ஊற வைத்து, சாம்பல் நீரில் வேக வைத்து, கல்லில் அடித்தால் முரடு கொஞ்சம் தணியும். ஆண்களுக்கு அரைக்கால் சட்டையும், பிள்ளைகளுக்குத் தலையும் கையும் நுழைய ஓட்டை விட்ட சட்டையும் ஆகும். உடம்பில் உராயும் இடத்தில் பழைய வேட்டித் துண்டை உள்ளே வைத்துத் தைப்பார்கள். அப்படியும் அரிக்கும், மடிப்பில் பேன் சேரும். மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். என்றாலும் அது உடை. அதை உடுத்தியவர் நாலு பேர் முன் நிற்க முடிந்தது.

பழையதை மாற்றும் வேலை துணியோடு நிற்கவில்லை. விலை போகாத ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் வடித்தார்கள். காற்றடிக்கும் டியூப் இல்லாத சைக்கிள்கள் கெட்டி ரப்பர் சக்கரத்தில் ஓடின. தேய்ந்த மோட்டார் டயர் செருப்பானது. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் வாளியானது.

ஆனால், கைத்திறனால் தீராத துன்பமும் உண்டு. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் முடிந்த அந்தப் பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். அங்கே கிழிந்த சாக்கே பலருக்கு உடையும் போர்வையும். திரும்பாதவர்கள் மிகப் பலர். ஆகவே அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் பேசக் கூடாது. துன்பத்திலும் மனம் தளராத உழைப்பைத்தான் பேச வேண்டும்.

இதே ஆண்டுகளில் இங்கிலாந்திலும் துணிக்குப் பஞ்சம். 1941 ஜூன் 1-ஆம் தேதி அங்கே துணிப் பங்கீடு தொடங்கியது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். ஒரு கம்பளிக் கவுனுக்கே 11 கூப்பன்கள் போய்விடும். 1943-இல் அரசாங்கமே ஒரு சிறு நூல் வெளியிட்டு, இருப்பதைச் செப்பனிட்டு உடுத்தும் வழியைச் சொல்லித் தந்தது. நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, கெட்டியான ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைப்பது அந்தக் காலத்தில் அங்கே வழக்கமாக இருந்த முறை. அங்கே வழிகாட்ட அரசாங்கம் இருந்தது. இங்கே தோட்டத்துப் பெண்களுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. தாய் சொல்லிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அக்காள் காட்டிக் கொடுத்தாள். நைந்த சேலை பாவாடையாகி, பாவாடை தூளியாகி, தூளி கைப்பிடித் துணியாவதை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அந்த அறிவே சாக்கையும் சட்டையாக்கியது.

1945-இல் ஜப்பான் சரணடைந்தது. வாழைமர நோட்டு வெறும் காகிதமானது. மெல்ல மெல்லக் கடைகளில் துணி வந்தது. சாக்குச் சட்டையைக் கழற்றி எறிந்தவர்கள், அதை நினைத்து வெட்கப்பட்டு, பிள்ளைகளிடம் பேசாமலே இருந்து விட்டார்கள். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியவர்கள், மக்களை அந்நிலைக்குத் தள்ளியவர்கள் அல்லவா?

இன்று நம் ஊர்களில் பண்டல் கடைகள் இருக்கின்றன. அங்கே தொங்கும் பழைய உடைகளில் ஏராளமானவை ஜப்பானிலிருந்து வருகின்றன என்பது வரலாற்றின் விந்தை. அங்கே ஒரு சட்டையை எடுக்கும்போது கிழிந்த இடத்தை மட்டும் பாராதீர்கள். கிழியாத இடம் எவ்வளவு என்று பாருங்கள். கை நைந்தால் அரைக்கை ஆக்கலாம். பெரியவர் கால்சட்டையில் சிறுவனுக்கு ஒன்று வெட்டலாம். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழி ஏழைக்குச் சொன்ன ஆறுதல் அன்று. மானமுள்ளவர்க்குச் சொன்ன வழி.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களும் அவர்கள் பெற்றோரும் அந்தக் காலத்தில் என்ன உடுத்தினார்கள் என்று இன்றிரவே கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். நம் வரலாற்றில் அந்தப் பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்.