இன்டெல் ஜியான் எக்ஸ்5650

சர்வர்களுக்காக இன்டெல் 2010 மார்ச்சில் வெளியிட்ட ஆறு கோர் பிராசசர். 32 நானோமீட்டர் நுட்பம், 12 த்ரெட்கள், 2.66 கிகாஹெர்ட்ஸ் வேகம், 95 வாட் வெப்ப வரம்பு. பிறந்தது டேட்டா சென்டருக்காக. பேர் வாங்கியதோ கேமிங் கணினிகளில்.

காரணம் சாக்கெட். நான்கு கோர் கொண்ட கோர் ஐ7-920 பிராசசருடன் 2008 நவம்பரில் வந்த எக்ஸ்58 மதர்போர்டுகளின் எல்ஜிஏ 1366 சாக்கெட்டில் இதுவும் உட்காரும். பல போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்தாலே போதும். நிறுவனங்கள் பழைய சர்வர்களைக் கழித்துக்கட்டியபோது, அறிமுகத்தில் ஆயிரம் டாலரை ஒட்டி விற்ற இந்தச் சிப்கள் பழைய பொருள் சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன.

அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கி வேகத்தைத் தரும் இதன் பெருக்கெண்ணை, நிர்ணயித்த உச்சத்துக்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டுவோர் அடிப்படைக் கடிகாரத்தையே உயர்த்துவர்: 133 மெகாஹெர்ட்ஸை 200 ஆக்கி, 20ஆல் பெருக்கினால் 4 கிகாஹெர்ட்ஸ். ராமின் வேகமும் கூடவே ஏறுவதால் அதன் விகிதத்தைக் குறைக்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட வெப்பமும் மின்செலவும் ஏறும். நல்ல கூலர் இல்லாமல் இது ஆகாது.

ஏவிஎக்ஸ் கட்டளைத் தொகுப்பு இதில் இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள், எவ்வளவு வேகம் ஏற்றினாலும், இதில் இயங்குவதில்லை.