பைடி என்ற கிடேரியும் இரண்டு நான்சிகளும்

1793 ஜனவரி 8. அமெரிக்காவின் மேற்கே அப்போதுதான் குடியேற்றம் நடந்துகொண்டிருந்த கென்டக்கி. அங்கே நெல்சன் மாவட்டத்தில் ஜோசப் ஹாங்க்ஸ் என்ற குடியானவர் உயில் எழுதிவைக்கிறார். உயிலில் வருவது ஐந்து பையன்கள், மூன்று பெண்கள். ரொக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பையன்களுக்கு ஆளுக்கொரு குதிரை, பெண்களுக்கு ஆளுக்கொரு கிடேரி. குதிரைக்கும் பெயர் உண்டு, கிடேரிக்கும் பெயர் உண்டு. தாமஸுக்கு 'மேஜர்' என்ற குதிரை. எலிசபெத்துக்கு 'ஜென்டில்', பாலிக்கு 'லேடி', நான்சிக்கு 'பைடி'. குடியிருந்த 150 ஏக்கர் நிலம் மனைவியின் காலத்துக்குப் பிறகு ஜோசப் என்ற மகனுக்கு. அந்த ஆண்டு மே மாதம் உயில் நீதிமன்றத்தில் பதிவானது. பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அதை யாரும் சீண்டவில்லை.

சீண்டியபோது பெரிய ரகளை ஆனது. காரணம், ஆபிரகாம் லிங்கனின் அம்மா பெயரும் நான்சி ஹாங்க்ஸ்.

லிங்கனின் அப்பா வழியைத் தேடுவது சுலபம். அப்பா தாமஸ், அவருடைய அப்பா இன்னொரு ஆபிரகாம், அவர் செவ்விந்தியர் தாக்குதலில் செத்தவர், அதற்கு முன்னால் வர்ஜீனியா, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் என்று 1637இல் கப்பல் ஏறி வந்த சாமுவேல் லிங்கன் வரை ஏணிப்படி மாதிரி போய்விடலாம். அம்மா வழியில் முதல் படியிலேயே கால் இடறும். நான்சி யாருடைய மகள்? நாட்டின் பதினாறாவது ஜனாதிபதியைப் பெற்றவளின் அப்பா, அம்மா யார் என்பதில் அறிஞர்கள் ஒருவரையொருவர் புத்தகம் புத்தகமாக அடித்துக்கொண்டார்கள்.

லிங்கனே இதில் வாயைத் திறக்காதவர். 1859 டிசம்பரில் ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பர் தேர்தலுக்காக வாழ்க்கைக் குறிப்பு கேட்டபோது, அம்மா ஹாங்க்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர், அவர் சொந்தக்காரர்கள் இல்லினாயில் இன்னின்ன இடத்தில் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொடுத்தார். அதோடு சரி. அடுத்த ஆண்டு வாழ்க்கை வரலாறு எழுத வந்த பத்திரிகையாளர் ஸ்கிரிப்ஸிடம், தன் பூர்வீகத்தைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்லிவிட்டு, அச்சில் வரக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். ஸ்கிரிப்ஸ் நாணயமான மனிதர், கடைசிவரை சொல்லவே இல்லை. குடும்ப பைபிளில் லிங்கன் தன் கையாலேயே பிறப்பு, இறப்பு, கல்யாணத் தேதிகளை எழுதிவைத்தார். அந்தப் பக்கத்திலும் தாய்வழித் தாத்தா, பாட்டி இல்லை. பக்கமே கிழிந்து, பாதி தொலைந்தும் போனது.

வாயைத் திறந்தவர் வில்லியம் ஹெர்ண்டன். ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கனோடு கூட்டாக வக்கீல் தொழில் நடத்தியவர். 1850 வாக்கில் இருவரும் குதிரை வண்டியில் மெனார்ட் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். அன்றைய வழக்கில் பரம்பரைக் குணம் பற்றிய பேச்சு வரவிருந்தது. வண்டியில் லிங்கன், தன் அம்மா முறையான கல்யாணத்தில் பிறந்தவர் இல்லை, லூசி ஹாங்க்ஸ் என்ற பெண்ணுக்கும் வர்ஜீனியாவின் பெரிய பண்ணைக்காரர் ஒருவருக்கும் பிறந்தவர் என்று சொல்லிவிட்டு, மீதி வழியெல்லாம் பேசாமலே வந்தார் என்பது ஹெர்ண்டன் கூற்று. பண்ணைக்காரர் பெயரைச் சொல்லவில்லை.

லிங்கன் சுடப்பட்ட பிறகு ஹெர்ண்டன் ஊர் ஊராகக் கடிதம் எழுதி, உறவினர்களை உட்காரவைத்துக் கேட்டு, ஆதாரம் திரட்டினார். அங்கே அவரைப் படாதபாடு படுத்தியவர் டென்னிஸ் ஹாங்க்ஸ். லிங்கனோடு ஒரே குடிசையில் வளர்ந்தவர், நல்ல வாயாடி. லிங்கன் அம்மாவை ஹாங்க்ஸ் என்று சொல்லாதே, ஸ்பேரோ என்று சொல் என்பது அவர் பிடிவாதம். லூசி பின்னால் ஹென்றி ஸ்பேரோ என்பவரை மணந்தது உண்மை. ஆனால் டென்னிஸ் மழுப்பியதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு வதந்தியும் சேர்ந்துகொண்டது. லிங்கனின் பெற்றோருக்கே கல்யாணம் ஆகவில்லை என்று. கென்டக்கியின் எலிசபெத்டவுன் நீதிமன்றத்தில் ஏட்டைப் புரட்டினால், தாமஸ் லிங்கன் 1819 டிசம்பர் 2இல் சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையை இரண்டாம் தாரமாகக் கட்டிய பதிவு இருக்கிறது; முதல் கல்யாணப் பதிவு இல்லை. 1809இல் பிறந்த மகனுக்கு இது என்ன சொல்கிறது என்று அரசியல் எதிரிகள் கண்ணடித்தார்கள். தேடியவர்கள் தேடியது தப்பான மாவட்டத்தில். பக்கத்து வாஷிங்டன் மாவட்டத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நீதிமன்றத்தில் 1878இல் கட்டுக்குள்ளிருந்து கல்யாணப் பிணைப்பத்திரம் வெளியே வந்தது: 1806 ஜூன் 10, ஐம்பது பவுண்டுக்குப் பிணை, தாமஸ் லிங்கன், ரிச்சர்ட் பெர்ரி இருவரும் கையெழுத்து. ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் தான் நடத்திவைத்த கல்யாணங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்த தாளில் ஜூன் 12 என்று தேதியும் இருந்தது. இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டில் உட்கார்ந்து ஊரெல்லாம் தேடிய விடை, கென்டக்கியின் ஸ்பிரிங்ஃபீல்டில் கிடந்தது!

மகனின் மானம் தப்பியது. அம்மாவின் கதை தப்பவில்லை.

1899இல் கரோலின் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் களத்தில் இறங்கினார். தானே ஒரு ஹாங்க்ஸ் வம்சத்துப் பெண். ஜோசப்பின் 1793 உயிலை வெளியே கொண்டுவந்தவர் இவர்தான். அதில் நான்சி என்ற மகள் இருக்கிறாளே! பெற்றவர்கள் ஜோசப்பும் அவர் மனைவியும், கல்யாணம் செய்துகொண்ட மரியாதைப்பட்ட தம்பதி, வாரிசுக்குப் பைடி என்ற கிடேரியே சாட்சி. ஜோசப்பின் மனைவி ஷிப்லி குடும்பத்துப் பெண் என்றும் சேர்த்துக்கொண்டார். சிறிய புத்தகம்தான், ஆனால் நாட்டுக்கே நிம்மதி. பெயர் பெற்ற எழுத்தாளர் ஐடா டார்பெல் ஆதரித்தார். கல்வெட்டுகளும் பாடப்புத்தகங்களும் பின்னாலேயே வந்தன.

அந்த மகிழ்ச்சியில் யாரும் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், எத்தனை நான்சி?

பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. ஜோசப்பின் மனைவியை வீட்டில் நான்னி என்று அழைத்தார்கள். ஒரு மகள் நான்சி. மூத்த மகள் லூசியின் வயிற்றுப் பேத்தியும் நான்சி. சித்தியும் அக்கா மகளும் ஏறக்குறைய ஒரே வயசு. உயிலில் வரும் நான்சி சித்தி. அவள் கல்யாணத்துக்கு முன்னால் 1799இல் ஒரு பையனைப் பெற்றாள், பிறகு லீவை ஹால் என்பவரை மணந்தாள். அந்தப் பையன் யார் என்கிறீர்கள்? டென்னிஸ் ஹாங்க்ஸ். லிங்கனுக்கு மாமன் முறை. டென்னிஸ், ஹெர்ண்டனிடம் ஏன் அப்படிச் சுற்றி வளைத்தார் என்பது இப்போது புரியும்: லிங்கன் அம்மாவின் பிறப்பைத் தோண்டினால் மண்வெட்டி அவர் அம்மாவின் மேலேயே படும். ஆக, ஹிட்ச்காக் அம்மையார் எடுத்துக் காட்டிய கிடேரி போய்ச் சேர்ந்தது டென்னிஸின் அம்மாவுக்கு.

பேத்தி நான்சியின் அம்மா லூசியோ அந்த உயிலில் எங்குமே இல்லை.

லூசியைத் தேடிப் பிடித்தவர் வில்லியம் பார்ட்டன். பாதிரியார், ஆனால் ஏட்டைத் தோண்டுவதில் போலீஸ்காரர். 1920இல் லிங்கனுக்கு அப்பா என்று ஊரார் கைகாட்டிய ஏழு பேரையும் ஒவ்வொருவராக விசாரித்து விடுவித்து ஒரு புத்தகம் எழுதினார். பிறகு கென்டக்கியின் ஹாரட்ஸ்பர்கில் மெர்சர் மாவட்ட ஏடுகளைப் புரட்டினார். 1789 நவம்பரில் லூசி ஹாங்க்ஸ் மேல் ஜூரிகள் குற்றச்சாட்டு: கல்யாணமாகாமல் ஆணோடு சேர்க்கை. அடுத்த ஏப்ரல் 26ஆம் தேதியில் அவளுக்கும் ஹென்றி ஸ்பேரோவுக்கும் கல்யாணப் பிணைப்பத்திரம். அதோடு ஒரு துண்டுச் சீட்டு. தனக்கு வயது வந்துவிட்டது, ஹென்றி உரிமம் வாங்கத் தன் முழுச் சம்மதம் உண்டு என்று எழுதி, லூசியே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எழுத்துப்பிழைகள் உண்டு. ஆனால் அப்பன், அண்ணன் என்று எவரும் அவளுக்காகப் பேசவில்லை, அவளே பேசினாள் என்பது அந்தச் சீட்டில் தெரிகிறது. வழக்கு அப்படியே நின்றுபோனது. 1791இல் கல்யாணம் நடந்தது.

அந்தச் சீட்டை இன்னொரு பத்திரத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். 1814இல் தாமஸ் லிங்கன் மில் கிரீக் நிலத்தை விற்றபோது மனைவி நான்சியும் ஒப்புதல் கொடுத்தார். கையெழுத்து இல்லை, வெறும் கீறல். எழுதத் தெரிந்த அம்மாவின் மகள் கைநாட்டு! நான்சி அம்மாவிடம் வளரவில்லை. அவரை வளர்த்தது, உயிலில் 'ஜென்டில்' கிடைத்த சித்தி எலிசபெத்தும் அவள் கணவர் தாமஸ் ஸ்பேரோவும். டென்னிஸையும் அவர்கள்தான் வளர்த்தார்கள். அக்கா தங்கை இருவர் பெற்ற, ஊர் பேசிய இரண்டு குழந்தைகளையும் இன்னொரு தங்கை எடுத்து வளர்த்தாள். ஹாங்க்ஸ் குடும்பத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர்கள் இந்த எலிசபெத்துக்கு அதிக வரி ஒதுக்கியதில்லை.

1818இல் இந்தியானாவின் லிட்டில் பிஜன் கிரீக்கில் எலிசபெத்தும் கணவரும் பால் நோயில் அடுத்தடுத்துச் செத்தார்கள். காட்டில் முளைக்கும் ஒரு விஷச்செடியை மேய்ந்த பசுவின் பாலைக் குடித்தால் வருவது. அவர்களுக்குப் பணிவிடை செய்த நான்சி அக்டோபர் 5 அன்று போய்ச் சேர்ந்தார். மகனுக்கு வயது ஒன்பது.

பார்ட்டன் பத்திரங்களைக் காட்டியும் சண்டை ஓயவில்லை. லூயிஸ் வாரன் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் 1926இல் எதிர்வாதம் வைத்தார்: லூசி ஷிப்லி குடும்பத்துப் பெண், ஜேம்ஸ் ஹாங்க்ஸ் என்பவரை மணந்து விதவையானவள், நான்சி முறையாகப் பிறந்த மகள்தான். 1806 பிணைப்பத்திரத்தில் நான்சிக்குக் காப்பாளராகக் கையெழுத்திட்ட ரிச்சர்ட் பெர்ரியின் தாய் ஒரு ஷிப்லி என்பது அவர் பிடித்துக்கொண்ட கயிறு. பிணைப்பத்திரத்தன்று நான்சிக்கு இருபத்திரண்டு வயது, காப்பாளரே தேவையில்லை. ஜேம்ஸ் ஹாங்க்ஸ், லூசி ஷிப்லி கல்யாணத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லை. ஆனாலும் நாற்பது, ஐம்பது வருஷம் இந்தக் கட்சிக்கு ஆள் சேர்ந்தபடியே இருந்தது. 1963இல் ஆடின் பேபர் மூன்றாவது பெற்றோர் ஜோடியைக் கொண்டுவந்தார். இத்தனை பேரும் தேடியது நான்சிக்கு ஒரு தகப்பனை மட்டுமல்ல, தாலி கட்டிய தகப்பனை. மகன் வண்டியில் வைத்துச் சொன்னதாக இருபது வருஷம் கழித்து ஹெர்ண்டன் எழுதிய சாட்சியத்தை, ஹெர்ண்டனுக்கு வாய் நீளம் என்று தள்ளிவைத்தார்கள். அவருக்கு வாய் நீளம்தான். இந்த விஷயத்தில் பொய் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜோசப் மனைவியின் பிறந்த வீட்டையும் பிறகு வர்ஜீனியாவின் ரிச்மண்ட் மாவட்ட ஏடுகளில் பிடித்தார்கள். அவள் ஷிப்லி இல்லை, ஆன் லீ. பால் வெர்டூயின் என்ற ஆய்வாளர் இதற்காக வெகுவாக வாதாடினார். ஷிப்லி கட்சியோ அசையவில்லை.

காகிதம் முடிக்காததை 2015இல் வாய்க்குள் தேய்த்தெடுத்த எச்சில் முடித்துவைத்தது. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி, மகள் வழியாக மட்டும் தொடரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்று உண்டு. லிங்கன் ஆண், அவர் அதைக் கடத்த முடியாது. அவர் அக்கா சாரா 1828இல் பிரசவத்தில் இறந்துபோனாள். நான்சியின் பெண்வழி அங்கேயே அறுந்தது. ஆனால் லூசிக்கு ஹென்றி ஸ்பேரோவிடம் பிறந்த பெண்கள் இருந்தார்கள். ஆன் லீக்கு லூசியைத் தவிரவும் மகள்கள் இருந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெண்வழியில் இன்று உயிரோடிருப்பவர்களைத் தேடிச் சோதித்தார்கள். இரண்டும் எக்ஸ்1சி என்ற ஒரே பிரிவு. அது மிக அரிதானது, தற்செயலாகப் பொருந்துவது கஷ்டம். லூசி, ஆன் லீயின் மகள். ஷிப்லி கதை அன்றோடு சரி.

லூசியின் மகள் நான்சி என்பதற்கு இன்றும் பழைய சாட்சிகள்தான்: வண்டியில் சொன்ன பேச்சு, உறவினர் கடிதங்கள், டென்னிஸின் மழுப்பல்.

அந்த வர்ஜீனியா பண்ணைக்காரர்? லூசி கர்ப்பமான காலத்தில் ஹாங்க்ஸ் குடும்பம் ஹாம்ப்ஷையர் மாவட்டத்தில் இருந்தது. நான்சி பிறந்த 1784ஆம் ஆண்டிலேயே ஜோசப் அங்கே 108 ஏக்கரை அடமானம் வைத்துவிட்டுக் கென்டக்கிக்குக் கிளம்பினார். மகளின் நிலைமைதான் ஊரை விட்டுக் கிளப்பியதா, நிலத்தின் கடன்தான் கிளப்பியதா என்று இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். பெயர் யாருக்கும் கிடைக்கவில்லை. பிறந்தது மகள் என்பதால் ஆண்வழியில் இறங்கும் மரபணுவும் உதவாது. லிங்கனின் சொந்த வம்சமே 1985இல் கொள்ளுப்பேரன் ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித்தோடு முடிந்துவிட்டது. மீதி இருப்பவை, மேரிலாந்தில் தேசியச் சுகாதார மருத்துவ அருங்காட்சியகத்தில் உள்ள லிங்கனின் மண்டையோட்டுத் துகள்களும் தலைமுடியும். அவருக்கு மார்ஃபன் நோய் இருந்ததா என்று அவற்றைச் சோதிக்க 1991இல் ஒரு நிபுணர் குழு கூடியது. கொள்கையளவில் சரி என்றார்கள், தொழில்நுட்பம் இன்னும் தேறட்டும் என்று ஒத்திவைத்தார்கள். அது நோயைப் பற்றிய கேள்வி. பாட்டனைப் பற்றி அந்தக் குழுவிடம் யாரும் கேட்கவில்லை.